நாற்பதாயிரத்துக்கு இரண்டு குறைவு

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவர் இஸ்திரி அக்கா. தரைத்தளத்தில் இருப்பவர் அவருடைய தம்பி தாராளம். இரண்டுமே அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்கள், இரண்டுமே பொருத்தமானவை.

அக்கா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் நின்றபடியே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். விடைபெறும் நாளில் ஓட்டல் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தது. தேய்ந்துபோன இரண்டு முட்டிகளை அதற்கு முன்பே கொடுத்திருந்தது. கடிகாரம் இன்னும் நன்றாக ஓடுகிறது.

தம்பி லாரி ஓட்டியவர். சம்பளம் வந்த அன்றே அதை மரியாதையாக வழியனுப்பி வைப்பது அவர் வழக்கம். நண்பர்களுக்கு விருந்து வைப்பார், கேட்டவனுக்கெல்லாம் கைமாற்று கொடுப்பார். ஒருமுறை மீன் தொட்டி வாங்கினார். மீன்கள் செத்தன. தொட்டி சின்னதாக இருந்ததுதான் காரணம் என்று இன்னும் பெரிய தொட்டி வாங்கினார். ஐம்பத்தெட்டு வயதில் முதுகு மக்கர் செய்து வீட்டோடு உட்கார்ந்தபோது அவருடைய கையிருப்பு அந்தத் தொட்டி மட்டும்தான், மீன்கூட இல்லை.

உழைக்க முடியாதவர்களுக்கான மாத உதவித்தொகை இருவருக்கும் வருகிறது. ஒன்பதாயிரம், கூடவே ஒரு மருத்துவ அட்டை. ஒரே நிபந்தனை, வங்கியில் நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நாற்பதாயிரம் வரை வைத்திருப்பவர் ஏழை. நாற்பதாயிரத்து ஒன்று வைத்திருப்பவர் செல்வந்தர், அவருக்கு எதற்கு உதவி? ஆண்டுக்கு ஒருமுறை இதைச் சரிபார்ப்பார்கள். தம்பியின் முறை வந்தால் நான்கு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். "எல்லாரும் உங்கள மாதிரியே இருந்துட்டா எங்களுக்கு எவ்வளவு சுலபம்!" என்று ஒரு அலுவலர் சொன்னதைத் தம்பி நற்சான்றிதழ் போலத் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார்.

அக்காவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மிச்சம் பிடிப்பார். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கியதாக அவர் வாழ்க்கையில் வரலாறு இல்லை. கடையில் கொடுக்கும் காகிதப் பைகளைக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைத்து மறுபடி எடுத்துப் போவார். ஒன்பதாயிரத்தில் வாடகை, சாப்பாடு, மின்கட்டணம் எல்லாம் போக மாதம் அறுநூறு மீந்துவிடும். அரசு கொடுத்த பணத்தை முழுதாகச் சாப்பிடாமல் விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்குத் தெரியாது.

சேர்த்ததற்குக் காரணம் இருந்தது. வலது முட்டியை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. வரிசையில் காத்திருந்து கடைசியில் அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கிடைத்திருந்தது. செலவை மருத்துவ அட்டை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் படியிறங்க முடியாது. சமைக்க, குளிக்கக் கைகொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான கூலியைத்தான் அக்கா சேர்த்து வைத்திருந்தார்.

மாதத்தின் ஏழாம் தேதி மறு ஆய்வுக் கடிதம் வந்தது. கசங்கியிருந்ததால் அதற்கு இஸ்திரி போட்டுவிட்டுத்தான் இரண்டாம் முறை படித்தார். எழுத்து ஒன்றும் மாறவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் போய் ஐந்தாம் எண் கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மையாரைப் பார்த்தார். தடித்த கண்ணாடி, மேசையில் தண்ணீர் பாட்டில், முகத்தில் எந்த அபிப்பிராயமும் இல்லை.

"நாப்பத்தாறாயிரத்து முந்நூத்து எண்பது இருக்கும்மா."

"ஆமாங்க மேடம். நானே சேத்தது."

"அதுதான் பிரச்சினை. இந்தப் பணம் இருந்தா அடுத்த மாசத்துலேர்ந்து உதவித்தொகை நிக்கும். அட்டையும் செல்லாது."

"அடுத்த மாசம்தானே மேடம் எனக்கு ஆபரேஷன்?"

"அதுக்கு நீங்களே கட்டிக்கணும். மூணு லட்சம் ஆகும்."

"என்கிட்ட நாப்பத்தாறுதானே இருக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன். நிறைய இருக்கு."

"இந்தப் பணம் ஆபரேஷனுக்கு அப்புறம் ஆள் வைக்கறதுக்கு. அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே முன்பணமா குடுத்துட்டா?"

"அப்பவும் அது உங்க பணம்தான், வேற ஒருத்தங்க கையில இருக்கு."

"எந்தம்பிக்குக் குடுத்துட்டா?"

"குடுத்தாலும் உங்ககிட்ட இருக்கற மாதிரிதான் எடுத்துப்போம்."

"இல்லாத பணம் எப்படி மேடம் இருக்கும்?"

"ரூல் அப்படிம்மா." அவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "செலவு பண்ணுங்க. உங்களுக்குத் தேவையான சாமானா வாங்குங்க, ரசீது வைங்க. வீட்டுச் சாமான் கணக்குல வராது. மாசக் கடைசி நாள் வாங்க, அன்னைக்கு எவ்வளவு இருக்குன்னுதான் பாப்போம்."

அதாவது, லட்ச ரூபாய்க் கட்டிலில் படுத்திருப்பவர் ஏழையாக இருக்கலாம். கட்டில் இல்லாமல் கையிருப்பு வைத்திருப்பவர்தான் ஏமாற்றுக்காரர். இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த மாத உதவித்தொகை இந்த மாதம் முழுக்கச் சாப்பாட்டுக்கான பணம். தேதி மாறியதும் அதில் மீந்தது சொத்து ஆகிவிடும்.

அக்காவுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. ஆறாயிரத்து முந்நூற்று எண்பதைச் செலவழிக்க வேண்டும். முதல் முயற்சியைத் தனியாகவே செய்தார். கண்ணாடிக் கடையில் ஆயிரத்து எண்ணூறு விலை சொன்ன மூக்குக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, நெஞ்சு நிமிர்த்தித் தம்பியிடம் வந்தார்.

"எவ்வளவு குடுத்த?"

"ஆயிரத்து நூறு. எழுநூறு அடிச்சுப் பேசிட்டேன்ல."

தம்பி அவரையே பார்த்தார். "அக்கா, உனக்கு எழுநூறு குறையணும்னா போன? செலவு பண்ணப் போன ஆளு மிச்சம் பிடிச்சுட்டு வந்து நிக்குற!"

அக்காவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. "வாய் தானா கேக்குதுடா."

"இனிமே கடைக்கு நானும் வர்றேன். நீ வாயத் திறக்கக் கூடாது. பொருளப் பாரு, தலைய ஆட்டு, பேங்க் கார்டக் குடு. எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் இதுதான். நாப்பது வருஷ அனுபவம்."

ஆயுள் முழுக்கத் தம்பியைச் சிக்கனமாக இருக்கச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர் அக்கா. அந்தத் தம்பியிடமே செலவு செய்யப் பாடம் கேட்டுக்கொண்டு மெத்தைக் கடைக்குக் கிளம்பினார். வலது காலை ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் வைத்து இறங்க இருபது நிமிடம் பிடித்தது.

மெத்தை நான்காயிரத்து ஐந்நூறு. அக்கா வாயைத் திறக்கவில்லை, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனால் கண்ணுக்கும் கைக்கும் யாரும் தடை போடவில்லையே! முப்பத்தொரு வருடம் துணி பார்த்த கண். மெத்தையின் உறையை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓர் ஓரத்தில் தையல் கோணியிருந்த இடத்தில் விரல் நின்றது. அங்கேயே நின்றது. ஒரு பெருமூச்சு வந்தது.

கடைக்காரருக்கு வியர்த்தது. "அது தையல்ல சின்னக் கோணல்தாம்மா. நாலாயிரத்து இருநூறு குடுங்க."

தம்பி முந்திக்கொண்டார். "வேணாம், வேணாம், நாலாயிரத்து ஐந்நூறே இருக்கட்டும்."

இப்படி ஒரு வாடிக்கையாளரைக் கடைக்காரர் பார்த்ததே இல்லை. கிண்டல் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். "சரி, நாலாயிரம்."

"குறைக்காதீங்க சார்!"

"மூவாயிரத்து எண்ணூறு. இதுக்கு மேல என்னால முடியாதுங்க."

அக்கா பழக்கதோஷத்தில் உறையின் மறுமூலையைத் திருப்பிப் பார்த்தார்.

"மூவாயிரத்து அறுநூறு! எடுத்துட்டுப் போங்க சாமி, மத்த ஆளுங்க வர்ற நேரம்."

வெளியே வந்ததும் தம்பி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். "பேசினா எழுநூறு குறைக்குற, பேசாம இருந்தா தொள்ளாயிரம் குறைக்குற. உன்னை வெச்சுக்கிட்டு நான் எப்படிச் செலவு பண்றது?"

அடுத்து, குளியலறையில் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி பொருத்த வேண்டும். பொருளும் கூலியும் சேர்த்து ஆயிரத்து நானூறு ஆகும் என்று தம்பி ஆசையோடு கணக்குப் போட்டிருந்தார். வந்த பிளம்பர் அக்காவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, என் முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனப்போ சட்டைக்கு நீங்கதான் இஸ்திரி போட்டுக் குடுத்தீங்க. உங்ககிட்ட கூலி வாங்கினா எனக்குச் சோறு இறங்குமா?" கம்பிக்கு மட்டும் தொள்ளாயிரம் வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்கள் இப்படித்தான் குடும்பத்தைக் கெடுப்பார்கள்.

பேரம் பேச முடியாத ஒரு கடையைத் தம்பி தேடிக் கண்டுபிடித்தார். எல்லாப் பொருளிலும் விலை அச்சிட்டு ஒட்டியிருக்கும் பெரிய கடை. கல்லாவில் இருந்த பெண் தலை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஊன்றுகோலும் வழுக்காத செருப்பும் வாங்கினார்கள், ஆயிரத்து நூற்று எண்பது. வங்கியில் முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு மிச்சம். இன்னும் நானூறு சேர்ந்தாலும் அக்கா ஏழைதான். அன்று தம்பி வீட்டில் இருவரும் தேநீர் குடித்துக் கொண்டாடினார்கள். அக்கா சர்க்கரையைக்கூட ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, அலுவலகத்தில் கொடுக்க ரசீதுகளை எடுத்து அடுக்கினார். மெத்தைக் கடை ரசீது பைக்குள் சுருண்டு, கோணல்மாணலாகக் கிடந்தது. கசங்கிய காகிதத்தை அப்படியே அதிகாரியிடம் நீட்டுவதா? இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, ஒரே இழுப்பு. ரசீது அழகாக நிமிர்ந்தது. தார் பூசியதுபோல் கறுத்தும் போனது. அது சூட்டில் எழுத்து விழும் வகைக் காகிதம். இஸ்திரிச் சூட்டில் முழுவதும் எழுத்தாகிவிட்டது. உலகத்தில் ரசீதுக்கு இஸ்திரி போடும் ஒரே ஆள் அக்காதான். அந்தத் தண்டனையும் அவருக்கு மட்டும்தான்.

ரசீது இல்லையென்றால் மூவாயிரத்து அறுநூறும் செலவாகவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். மெத்தை வீட்டில் கிடப்பது சாட்சியாகாது. இருவரும் மறுபடி கடைக்குப் போனார்கள். வாசலில் அவர்களைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து நின்றார்.

"வித்த பொருளத் திருப்பி எடுக்க மாட்டோம்மா!"

அக்கா ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"சரி, இன்னும் இருநூறு தர்றேன். வெச்சுக்கோங்க. ஆளை விடுங்க."

தம்பி பாய்ந்து அந்த இருநூறை அவர் சட்டைப்பையிலேயே திணித்தார். "ஐயா, பணம் மட்டும் குடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ரசீதுக்கு ஒரு நகல் போதும்." கடைக்காரர் இந்த முறை கையாலேயே எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். இஸ்திரி தாங்கும் ரசீது.

மாதக் கடைசி நாள் வந்தது. காலை ஒன்பதரைக்கே அலுவலகத்தில் கூட்டம். நாற்பத்தொன்றாம் எண் டோக்கன் கிடைத்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. வங்கியிலிருந்து மகிழ்ச்சியான செய்தி. அரையாண்டு வட்டி அறுநூற்றுப் பதினெட்டு கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளது.

தம்பி அதை வாங்கிப் படித்தார். "நாப்பதாயிரத்து இருநூத்துப் பதினெட்டு. அக்கா, நீ பணக்காரி ஆயிட்ட."

"இப்ப என்னடா பண்றது?"

அக்காவின் குரல் அப்படி இறங்கித் தம்பி கேட்டதில்லை. இந்த வரிசையை விட்டால் அட்டை போகும், பன்னிரண்டாம் தேதியும் போகும். மறுபடி பட்டியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். தம்பி சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாத் தாளிலும் மூன்று நகல் இணைக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தது. கடிதம், ரசீதுகள், வங்கிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கம் என்று எண்ணினார். இருபத்தைந்து தாள், மூன்று நகல், பக்கத்துக்கு மூன்று ரூபாய். "இருநூத்து இருபத்தஞ்சு! ஓடு அக்கா, வாசல்ல நகல் கடை இருக்கு. நான் டோக்கனப் பாத்துக்கறேன். கார்டுல குடு."

ஓடச் சொன்னது யாரை என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. அக்கா ஊன்றுகோலோடு விரைந்து போனார். கடைக்கார இளைஞர் எழுபத்தைந்து பக்கம் எடுத்து அடுக்கி விலை சொன்னார். அக்காவின் காதில் எண் விழுந்ததும் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"எழுபத்தஞ்சு பக்கம் எடுத்திருக்கோம், கொஞ்சம் பாத்துப் போடு தம்பி."

"காலைல முதல் போணி நீங்கதாம்மா. நூத்தி எண்பது குடுங்க."

இயந்திரத்தில் வங்கி அட்டையைச் செருகிய பிறகுதான் அக்காவுக்குத் தான் செய்தது புரிந்தது. அதற்குள் உள்ளே நாற்பத்தொன்று என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

ஐந்தாம் எண் கவுண்டரில் அதே அம்மையார். தம்பி அக்காவின் காதில் "எவ்வளவு?" என்றார். அக்கா நகல் கடைச் சீட்டைக் காட்டினார். தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மையார் தாள்களைப் புரட்டினார். கறுப்பு ரசீதை ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முத்திரை போட்டதை எடுத்துக்கொண்டார். பிறகு கணினித் திரையில் வங்கி இருப்பைத் திறந்தார். நாற்பதாயிரத்து முப்பத்தெட்டு. திரையைப் பார்த்தார். ஊன்றுகோலைப் பார்த்தார். திரையை மூடினார்.

"உறுதிமொழிப் படிவம் எங்கம்மா?"

"அது என்ன மேடம்?"

"வரம்புக்கு மேல என்கிட்ட பணம் இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறது. அது இல்லாம நான் எதையும் பாக்க முடியாது." அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாக ஒரு வாய் குடித்தார். "வாசல்ல அதே கடையில கிடைக்கும். விலை நாப்பது. காசாக் குடுக்காதீங்க, கார்டுல குடுங்க. நீங்க வர்ற வரைக்கும் அடுத்த டோக்கன் கூப்பிட மாட்டேன்."

இந்த முறை தம்பி அக்காவைத் தனியாக விடவில்லை. படிவத்தின் மேலேயே விலை அச்சிட்டிருந்தது. இளைஞர் "அம்மாவுக்காக முப்பத்தஞ்சு..." என்று ஆரம்பித்ததும் தம்பி கைகூப்பினார். "தம்பி, உன் காலைப் புடிக்கறேன். நாப்பதே எடுத்துக்கோ."

படிவத்தை வாங்கும்வரை அதில் எழுதியிருந்தது பொய். வாங்கியதும் உண்மை ஆனது. தன்னிடம் பணமில்லை என்று சத்தியம் செய்வதற்கான காகிதத்தை மக்களுக்குக் காசுக்கு விற்கலாம் என்று யோசித்தவர் யாரோ, அவருக்கு அக்கா மனதாரக் கடன்பட்டிருக்கிறார்.

அம்மையார் திரையை மறுபடி திறந்தார். முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

"வரம்புக்குள்ளதான் இருக்கு," என்றார், இப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவர் போல. முத்திரை விழுந்தது. "ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும்மா."

முடிந்தது. ஆள் வைத்துக்கொண்டார். நாள் கூலி நானூற்று ஐம்பது கேட்ட பெண் நானூறுக்கு ஒத்துக்கொண்டதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆறு வாரத்துக்குப் பேசியது ஐந்து வாரத்திலேயே போதும் என்றாகிவிட்டது. வலது காலால் அக்கா படிகளில் நேராக இறங்கிவந்து, தம்பி வீட்டு மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப எவ்வளவுக்கா இருக்கு?"

"இருபத்தஞ்சாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு."

"அப்பாடா! இனி ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்ல. நிம்மதியா மிச்சம் பிடி."

"இருபது மாசம்தான். வட்டியும் சேரும்ல."

"சரி, இருபது. அதுக்குள்ள என்ன ஆயிடப்போகுது?"

அக்கா இடது காலை மெல்ல நீட்டிக் காட்டினார். அன்று காலைதான் அந்த முட்டிக்கும் மருத்துவமனையில் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தார். பட்டியலில் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அங்கே இருந்தவர் விரல்விட்டு எண்ணி, இருபது என்றார்.

தம்பி காலியான தொட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"மெத்தைக் கடைக்கு. அந்த மனுஷன்கிட்ட இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வெக்கறேன். இன்னொரு மெத்தை வேணும், இருபது மாசம் டைம் இருக்கு, விலையக் குறைக்காம இருக்க அதுக்குள்ள பழகிக்கச் சொல்றேன்."